ஆறு குடும்பம், ஐந்து ஏக்கர்: வேலூர் பக்கம் கூட்டுப் பண்ணைக்கு நிலம் தேடுகிறோம்

கீரைப்பாத்தி · ஞாயிறு இரவு

எல்லோருக்கும் வணக்கம். காட்பாடியிலும் சத்துவாச்சாரியிலும் இருக்கும் ஆறு குடும்பங்கள் நாங்கள். நான்கு வருடமாக ஒரு நண்பரின் காலி மனையில் சேர்ந்து காய்கறி போட்டு வந்தோம். போன மாதம் மனை விற்றுப்போனது. சாணியும் இலைதழையும் போட்டு நான்கு வருடம் கறுக்க வைத்த மண்ணை ஜேசிபி ஒரே காலையில் வாரிக் கொட்டியது. ஆறு வீட்டுக்காரர்களும் தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். பிள்ளைகள் அழுதுவிட்டார்கள்.

அன்று ராத்திரியே பேசி முடிவெடுத்தோம். வேலூரிலிருந்து 40 கிலோமீட்டருக்குள் நான்கைந்து ஏக்கர். பண்ணை வீடு, நீச்சல் குளம், வார இறுதி விருந்து எதுவும் வேண்டாம். மண்ணைத் தேற்றி, எங்கள் வீடுகளுக்கும் அந்த ஊருக்கும் காய்கறி, சிறுதானியம், நாட்டு விதை கொடுக்கிற மாதிரி ஓர் இடம். மருந்தடித்துக் களைத்த மண்ணாக இருந்தாலும் பரவாயில்லை, அதை மீட்கத்தான் வருகிறோம். இரண்டு குடும்பத்தால் பணம் போட முடியும். மற்ற நான்கு குடும்பத்தால் உழைப்புதான் போட முடியும். எல்லாம் சேர்த்து 45 லட்சம் புரட்டலாம்.

எந்தப் பக்கம் தேடலாம்? வாங்குவதா, குத்தகையா? யார் பேரில் எழுதுவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒடுகத்தூர்க்காரன் · திங்கள் காலை

அம்மா, நல்ல காரியம். நீங்கள் எழுதியதில் மண் திரும்பத் திரும்ப வருகிறது, கிணறு ஒரு இடத்தில்கூட இல்லை. நம் பக்கத்தில் கொல்லை வாங்குகிறவன் வாங்குவது கிணற்றைத்தான். மண்ணைத் தேற்றிவிடலாம். மூன்று வருடம் மூடாக்கும் (மண்ணை மூடிப் பரப்பும் இலைதழை) பசுந்தாளும் போட்டால் சரளைகூட வழிக்கு வரும். கிணறு இல்லாத இடத்தில் எதை வைத்துத் தேற்றுவீர்கள்?

பங்குக் கிணறு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், வேலூர் பக்கம் பாதி தகராறு இதில்தான். தாத்தா வெட்டிய கிணறு ஒன்று. நான்கு மகன்கள், நான்கு பாகம். அதில் ஒருவர் பாகத்தை உங்களுக்கு விற்கிறார் என்றால் பத்திரத்தில் "கிணற்றில் நாலில் ஒரு பங்கும், மோட்டார் சர்வீஸில் பாகமும், வாய்க்கால் பாத்தியமும், வண்டிப்பாதை பாத்தியமும்" என்று ஒவ்வொன்றாக வர வேண்டும். ஒரு வார்த்தை விட்டுப்போனால் அப்புறம் ஆயுசுக்கும் பஞ்சாயத்துதான். தண்ணீர் இறைக்கும் முறை எப்படி என்றும் கேளுங்கள். நான்கு நாளைக்கு ஒரு முறை என்றால் காய்கறிக்குப் பத்தாது. சர்வீஸ், அதாவது மோட்டாருக்கான மின் இணைப்பு, யார் பேரில் இருக்கிறது? இறந்துபோன பெரியவர் பேரிலேயே இருக்கும், பல இடத்தில் அப்படித்தான். விவசாய மின்சாரம் இலவசம், ஆனால் புது இணைப்புக்குப் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்கிறவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். அதனால் சர்வீஸ் உள்ள நிலத்துக்கும் இல்லாத நிலத்துக்கும் விலை வேறு.

நிலம் பார்க்கச் சித்திரை, வைகாசியில் போங்கள். கார்த்திகையில் பார்த்தால் எல்லாக் கிணறும் நிறைந்திருக்கும். பக்கத்துக் கொல்லைக்காரரிடம் "மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடும், நின்ற பிறகு ஊற்று ஏற எவ்வளவு நேரம் ஆகும்" என்று கேளுங்கள். தரகர் இல்லாத நேரத்தில் கேளுங்கள்.

பாலாற்றுமணல் · திங்கள் மாலை

தண்ணீர் இருக்கிறதா என்பதோடு அது என்ன தண்ணீர் என்பதும் முக்கியம். நான் ஆம்பூர்க்காரன். எங்கள் தாத்தா காலத்தில் பாலாற்று ஓரம் ஏக்கர் பிடிக்க ஆள் மோதும். எங்கள் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகளில் தோலைப் பதப்படுத்த முதலில் உப்புப் போட்டு வைப்பார்கள். அதை ஊறவைத்துக் கழுவிய தண்ணீரும் குரோமியம் கலந்த தண்ணீரும் பல பத்து வருடம் ஆற்றிலும் நிலத்திலும் இறங்கின. 1996 ஆகஸ்டில் வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில்தான் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. சட்டம் படிக்கிற பிள்ளைகள் நாடு முழுக்க அந்த வழக்கைப் படிக்கிறார்கள். 2025 ஜனவரியில் மறுபடியும் ஒரு தீர்ப்பு வந்தது. இடையில் கிட்டத்தட்ட 30 வருடம் போய்விட்டது, பாருங்கள்.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் பக்கம் விலை குறைவாக ஒரு நிலம் வந்தால் கண்ணுக்குத் தெளிவாக இருக்கிறதே என்று கிணற்றுத் தண்ணீரை நம்பாதீர்கள். தென்னை மட்டை நுனி கருகியிருக்கிறதா, வரப்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள். மொத்த உப்பு, சோடியம், குரோமியம் மூன்றும் பார்க்கச் சொல்லுங்கள். மூடாக்குப் போட்டு எல்லா மண்ணையும் மீட்கலாம் என்று நினைக்கிறவர்களுக்கு மன வருத்தத்தோடு சொல்கிறேன், உப்பேறிய கிணற்றிலிருந்து இறைத்து இறைத்து மண்ணை மீட்க முடியாது. என் சித்தப்பா அதற்காகவே பத்து வருடம் கொடுத்தார்.

ஆற்று ஓரம் என்றால் இன்னொன்று. 2021 நவம்பரில் பாலாற்றில் விநாடிக்கு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் போனது. அன்றைக்கு எது வரை ஏறியது என்று ஊரில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பத்திரஎழுத்து · திங்கள் இரவு

குடியாத்தத்தில் 22 வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன். விவசாயி அல்லாதவர் நிலம் வாங்கத் தமிழ்நாட்டில் தடை இல்லை, அதனால் அந்தப் பயம் வேண்டாம். ஆனால் கணினிப் பட்டா ஒன்றை மட்டும் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, சிட்டா, அடங்கல், புலப்பட நகல் எல்லாம் எல்லோரும் சொல்வதுதான். நான் அழுத்திச் சொல்ல வருவது ஏ-பதிவேடு, ஊரில் எந்த நிலம் யாருடையது, என்ன வகை என்று எழுதியிருக்கும் வருவாய்த் துறைப் பதிவேடு. 1979 முதல் 87 வரை யுடிஆர் என்று பட்டாக்களைப் புதுப்பித்தார்கள். அந்த நேரத்தில் பல பெயர்கள் மாறின, பல நிபந்தனைகள் விட்டுப்போயின. அதற்கு முந்தைய பதிவேட்டை வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு போட்டுக் கேட்டுப் பாருங்கள்.

ஏன் தெரியுமா? பஞ்சமி நிலம். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கைக்குப் பிறகு 1892இல் ஆங்கிலேய அரசு தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கிய நிலம் அது. பத்து வருடம் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் அதே மக்களுக்குள்தான் கைமாறலாம் என்பது நிபந்தனை. பழைய பதிவேட்டில் டி.சி. (டிப்ரஸ்டு கிளாஸ், தாழ்த்தப்பட்டோர்) என்று இருக்கும். இன்றைய பட்டாவில் வேறு யார் பெயரோ இருக்கும். பத்திரம் பதிவாகிவிட்டது என்பதால் அது உங்கள் நிலம் ஆகாது. ஊருக்கு நல்லது செய்யப் போகிறவர்கள் அந்த ஊரின் ஏழை வீட்டு நிலத்தின் மேல் உட்கார்ந்துவிடக் கூடாது, அதற்காகத்தான் சொல்கிறேன். பூதான நிலம், நிபந்தனைப் பட்டா, கோயில் இனாம், வக்ஃப் எல்லாவற்றுக்கும் இதே எச்சரிக்கை.

செலவு: முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 2023 ஏப்ரலுக்கு முன் பதிவுக் கட்டணம் 4 ஆக இருந்தது. பெண்கள் பேரில் வாங்கினால், மதிப்பு 10 லட்சத்துக்குள் என்றால், 2025 ஏப்ரலிலிருந்து பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. 45 லட்சத்தையும் நிலத்துக்கே கொடுத்துவிடாதீர்கள்.

யார் பேரில் என்று கேட்டீர்கள். சங்கமாகப் பதிய ஏழு பேர் வேண்டும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் என்றால் குறைந்தது பத்து உற்பத்தியாளர்கள். நீங்கள் ஆறு குடும்பம்தான் இருக்கிறீர்கள்.

கீரைப்பாத்தி · செவ்வாய் இரவு

ஒடுகத்தூர் ஐயா, ராத்திரி இரண்டு மணி வரை உங்கள் பதிவைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். உண்மை, கிணறு எங்கள் மனதிலேயே இல்லை. காலி மனையில் பைப்பைத் திறந்தால் தண்ணீர் வந்தது.

போன வாரம் இரண்டு இடம் பார்த்திருந்தோம். ஒன்று பேரணாம்பட்டு பக்கம், ஐந்தே கால் ஏக்கர், மலையை ஒட்டி. அழகான இடம். கூட்டுப்பட்டாவில் 11 பேர். அதில் இருவர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாதாம். ஆந்திர எல்லையிலிருக்கும் கவுண்டின்யா காட்டிலிருந்து யானை வரும், மாங்காய்க் காலத்தில் ராத்திரி காவல் வேண்டும் என்று பக்கத்துத் தோப்புக்காரர் சொன்னார். ஆறு குடும்பமும் வேலூரில் தூங்கிக்கொண்டு அங்கே யாரைக் காவலுக்கு வைப்பது? விட்டுவிட்டோம்.

இன்னொன்று ராணிப்பேட்டை மாவட்டத்தில், பனப்பாக்கம் தாண்டி. சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு அங்கே ஏக்கர் என்றே யாரும் பேசுவதில்லை, சென்ட் கணக்குதான். நம் மொத்தப் பணத்துக்கும் ஒரு ஏக்கர்கூட வராது.

வரப்புநடை · செவ்வாய் இரவு

அக்கா, நாங்கள் இதே கனவோடு 2017இல் நான்கு ஏக்கர் வாங்கினோம், ஐந்து நண்பர்கள். அணைக்கட்டு வட்டத்தில். மூன்றாவது வருடம் விற்றோம். நடந்ததை அப்படியே சொல்கிறேன், உங்களுக்கு உபயோகப்படட்டும்.

எல்லோர் பேரிலும் எழுதினால் குழப்பம் என்று ஒருவர் பேரில் எழுதினோம். அவர் நல்ல மனிதர், இன்றைக்கும் நண்பர்தான். அவர் வீட்டில் ஒரு பெரிய மருத்துவச் செலவு வந்தபோது அந்த நிலம்தான் அவரிடம் இருந்த ஒரே சொத்து. நாங்கள் என்ன சொல்ல முடியும்?

அதற்கு முன்பே ஊரோடு ஒட்டாமல் போய்விட்டது. வந்த முதல் மாதமே சுற்றிக் கம்பிவேலி போட்டோம். ஆறு வருடம் தரிசாகக் கிடந்த கொல்லை, ஊர் ஆடுகள் அதன் வழியாகத்தான் கானாற்றுக்குப் போகும். எங்களுக்குத் தெரியாது, யாரிடமும் கேட்கவில்லை. வேலிக்குப் பதிலாக ஒரு பாதை விட்டு, ஆட்டுக்காரர்களிடம் பேசி இரண்டு ராத்திரி கிடை போடச் சொல்லியிருந்தால் எருவும் கிடைத்திருக்கும், உறவும் கிடைத்திருக்கும். நாங்கள் என்னடாவென்றால் அந்த வருடம் லாரியில் எரு வாங்கினோம்.

என் யோசனை, முதலில் குத்தகை. 45 லட்சத்தைத் தொடாதீர்கள்.

ஒடுகத்தூர்க்காரன் · புதன் காலை

தம்பி சொன்னதில் ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். குத்தகை நிலத்தில் கடலை போடலாம், கரும்பு போடலாம். மண்ணைத் தேற்றுவது வேறு வேலை. முதல் வருடம் பலதானியம் விதைத்துப் பூவெடுக்கும்போது மடக்கி உழுகிறோம், கைக்கு ஒரு ரூபாய் வராது. இரண்டாம் வருடம்தான் மண்புழு எட்டிப் பார்க்கும். மூன்றாம் வருடம் விளையும். அப்போது உடையவர் வந்து "என் மச்சான் விவசாயம் பண்ண ஆசைப்படுகிறான்" என்பார். இயற்கை விளைச்சல் என்று சான்று வாங்கவும் பயிருக்கு இரண்டு வருடம், மரத்துக்கு மூன்று வருடம் மாற்றக் காலம் உண்டு. மண்ணை வளர்த்து அடுத்தவனுக்குக் கொடுப்பதா?

வரப்புநடை · புதன் மதியம்

ஐயா, நீங்கள் சொல்வது நியாயம். அதனால்தான் 11 மாதம் வாய்ப்பேச்சாக வேண்டாம் என்கிறேன். ஐந்து வருடம், எழுதிப் பதிந்தது. நாம் நட்ட மரம் யாருக்கு, கிணறு தூர்வாரும் செலவு யாருக்கு, விற்பதாக இருந்தால் முதலில் நம்மிடம் சொல்ல வேண்டும், எல்லாம் அதில் இருக்கட்டும். உடையவர் பயப்படுவார். 1955 குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டிக்கொள்வோம், ஆளை எழுப்ப முடியாது என்று. அதற்குப் பத்திரஎழுத்து அண்ணன்தான் வழி சொல்ல வேண்டும்.

பத்திரஎழுத்து · புதன் இரவு

அந்தச் சட்டம் காப்பது, தானோ தன் வீட்டாரோ உடம்பால் உழைத்துப் பயிர் செய்கிற குத்தகைதாரரை. காப்பாற்ற வேண்டியதும் அவர்களைத்தான். உடையவரின் பயத்தைப் போக்க நான் எழுதும்போது, குத்தகை எடுப்பது தனி ஆள் அல்ல, பதிவு பெற்ற சங்கம் என்று தெளிவாக எழுதுவேன். முடியும் தேதி, முடிந்த பிறகு 90 நாளுக்குள் நிற்கிற பயிரை எடுத்துக்கொள்வது, இதெல்லாம் வரும். ஒரு வருடத்துக்கு மேல் என்றால் பதிவு கட்டாயம். கையெழுத்துக்கு முன் ஒரு வக்கீலிடமும் காட்டுங்கள்.

கோயில் நிலம் பற்றியும் ஒரு வார்த்தை. அறநிலையத் துறை நிலத்தை ஐந்து வருடத்துக்கு மேல் குத்தகை எடுக்க ஆணையர் அனுமதி வேண்டும். அது இல்லாமல் எழுதினால் செல்லாது.

மலையடி · வியாழன் காலை

யாராவது ஜவ்வாது மலையில் மலிவாகக் கிடைக்கிறது என்று சொன்னால் தயவுசெய்து போகாதீர்கள். அது மலையாளிப் பழங்குடி மக்கள் பரம்பரையாகச் சாமையும் கேழ்வரகும் போடுகிற மண். கையில் காசில்லாத ஒரு வருடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு அதே நிலத்தில் கூலிக்குப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் கூட்டத்துக்குச் சாமை வேண்டுமென்றால் அவர்களிடம் நேராக வாங்குங்கள், விதையும் அவர்களிடமே இருக்கிறது. நிலத்தை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

கழனிக்காரி · வியாழன் இரவு

நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதியது இல்லை. அக்கா கூட்டுப் பண்ணை என்று போட்டிருப்பதால் கேட்கிறேன். அந்தக் கூட்டு யாருடையது? ஆறு குடும்பமும் டவுன். ஊர் என்று வரும்போது ஊர்த் தெரு மட்டுமா, எங்கள் காலனியும் சேர்ந்ததா?

நான் கணியம்பாடி தாண்டி அமிர்தி போகிற பக்கம். எங்கள் பக்கத்துப் பெண்கள் நூறு நாள் வேலையில் நாகநதிக்காக உறை கிணறு மாதிரி குழி வெட்டி உறை இறக்கினோம், ஓடையில் கல் அடுக்கினோம். மொத்தம் ஆயிரக்கணக்கான பெண்கள். மழைத் தண்ணீர் ஓடிப்போகாமல் உள்ளே இறங்கியது. எங்கள் பக்கத்துக் கிணறுகளில் ஊற்று திரும்பியதை நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் அந்தத் தண்ணீர் ஏறிய கிணறுகளில் ஒன்றுகூட எங்களுடையது இல்லை. வெட்டிய எங்களில் பாதிப் பேருக்கு அரை ஏக்கர்கூட கிடையாது.

நீங்கள் கொல்லை எடுத்துக் களை வெட்டக் கூலிக்குக் கூப்பிட்டால் வருவோம், கூலி வாங்குவோம், போய்விடுவோம். அதற்குக் கூட்டு என்று பெயர் வேண்டாம். பத்திரக்காரர் பத்துப் பேர் வேண்டும் என்றாரே, நீங்கள் ஆறு என்றால் மீதி நான்கு பேர் யார் என்று யோசியுங்கள். எங்கள் மகளிர் குழுவில் மல்லாட்டை (நிலக்கடலை), கேழ்வரகு, காய்கறி எல்லாம் தெரிந்த பெண்கள் இருக்கிறோம். இலவம்பாடி முள்ளுக் கத்தரி விதை நாங்களே எடுத்து வைக்கிறோம். அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2023இல்தான், எங்கள் வீட்டில் என் மாமியார் காலத்திலிருந்து இருக்கிறது.

எங்கள் ஊரில் மூன்று ஏக்கர் பத்து சென்ட் ஆறு வருடமாகத் தரிசு. தனிக் கிணறு, சர்வீஸ் இருக்கிறது. உடையவர் ஓய்வுபெற்ற வாத்தியார், பிள்ளைகளோடு சென்னையில் இருக்கிறார். விற்க மாட்டார், அப்பா நிலம் என்பார். சீமைக் கருவேலம் ஏறிக்கிடக்கிறது என்று அவருக்கே வருத்தம். வேண்டுமானால் வந்து பாருங்கள்.

கீரைப்பாத்தி · ஞாயிறு இரவு

கழனிக்காரி தங்கச்சி, உன் பதிவை ஆறு வீட்டிலும் சத்தமாகப் படித்தோம். நீ கேட்டதற்கு எங்களிடம் பதில் இல்லை. அதனால் நேற்று வந்தோம். உன் வீட்டில் சாப்பிட்ட கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் இன்னும் நாக்கில் இருக்கிறது.

மற்றவர்களுக்காக எழுதுகிறேன். செம்மண், மேற்கு ஓரத்தில் மட்டும் கொஞ்சம் சரளை. கிணற்றில் வைகாசி மாதத்தில் எட்டு அடித் தண்ணீர் நின்றது. பக்கத்துக் கொல்லைக்காரர் தன் மோட்டார் ஒன்றரை மணி நேரம் ஓடும் என்றார். கிழக்கு வரப்பில் ஆடு போகிற தடம் தெளிவாகத் தெரிந்தது, அதை அப்படியே விட்டுவிடுவதாக அங்கேயே பேசிக்கொண்டோம். நான்கு மூலையிலும் நடுவிலும் மண் எடுத்து, கிணற்றுத் தண்ணீர் இரண்டு பாட்டிலோடு விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுக்கொண்டு கொடுக்கப் போகிறோம். பழைய ஏ-பதிவேட்டுக்கும் மனு எழுதிவிட்டேன்.

கீரைப்பாத்தி · ஐந்து வாரம் கழித்து

மண், தண்ணீர் முடிவு வந்தது. உப்பு இல்லை. மண்ணில் கரிமம் மிகக் குறைவு, அதைத்தான் நாம் ஏற்ற வேண்டும். பதிவேட்டில் டி.சி. இல்லை, வாத்தியார் ஐயாவின் தாத்தா பெயர் இருக்கிறது.

அவரைச் சென்னையில் பார்த்தோம். ஐந்து வருடக் குத்தகைக்கு ஒத்துக்கொண்டார். முதல் இரண்டு வருடம் பணம் வேண்டாம், வருடத்துக்கு இரண்டு மூட்டை மல்லாட்டையும் வீட்டுக்குக் காய்கறியும் போதும் என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கிணற்று மேட்டில் அவர் அம்மா வைத்த புளியமரத்தை மட்டும் வெட்டக் கூடாது என்றார். அதையும் குத்தகைப் பத்திரத்தில் எழுதியாயிற்று.

சங்கத்தில் இப்போது பதினோரு பேர். ஆறு டவுன், ஐந்து பேர் கழனிக்காரி தெரு. தலைவி அவள்தான், நாங்கள் சொல்லி அவள் மறுத்து, அவள் மாமியார் திட்டி, பிறகு சம்மதித்தாள். விளைவதில் பாதி எங்கள் பதினோரு வீட்டுக்கும் சமபங்கு, மீதி காட்பாடி உழவர் சந்தைக்கு. அந்தப் பணத்தில் முதலில் உழைத்த நாளுக்குக் கூலி, டவுன்காரர் உழைத்தாலும் ஊர்க்காரர் உழைத்தாலும் ஒரே கூலி. 45 லட்சத்தில் கிணறு தூர்வார, கருவேலம் வேரோடு எடுக்க, குழாய் போட என்று இதுவரை 2 லட்சத்து 80 ஆயிரம் போயிருக்கிறது. மீதி வங்கியில் இருக்கிறது. அடுத்த தரிசு எதையாவது எப்போதாவது வாங்க நேர்ந்தால் அதற்கு ஆகும்.

ஒடுகத்தூர் ஐயா, உங்கள் பயம் எனக்கும் இருக்கிறது. ஐந்து வருடம் கழித்து என்ன ஆகும் என்று ராத்திரியில் தோன்றுகிறது. ஆனால் மண்ணை மட்டும் வளர்த்துக்கொண்டிருந்த காலி மனையிலிருந்து நாங்கள் கிளம்பியபோது தெருவில் ஒருவரும் எங்களோடு நிற்கவில்லை. இங்கே அப்படி இருக்காது என்று நம்புகிறேன்.

முந்தாநாள் சாயங்காலம் நல்ல இடிமழை. நாளை மறுநாள் பலதானியம் விதைக்கிறோம், ஏக்கருக்கு 20 கிலோ கணக்கு. கம்பு, சோளம், தட்டைப்பயறு, கொள்ளு, எள், ஆமணக்கு, தக்கைப்பூண்டு எல்லாம் சேர்ந்துவிட்டது. சணப்பு மட்டும் எங்கும் கிடைக்கவில்லை, மூன்று கிலோ குறைகிறது.

ஒடுகத்தூர்க்காரன் · அன்று இரவு

சணப்பு என்னிடம் நான்கு கிலோ இருக்கிறது, போன வருடத்து விதை, முளைப்பு நன்றாக இருக்கும். காலை ஏழு மணி வேலூர் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன், மஞ்சள் பை. விதைத்து ஐம்பது நாளில் பூவெடுக்கும், அறுபதைத் தாண்டவிடாமல் மடக்கி உழுதுவிடுங்கள், அதற்கு மேல் தண்டு முற்றிவிடும். உழும் அன்றைக்குச் சொல்லுங்கள், நானும் வருகிறேன். அந்தப் புளியமரத்தையும் பார்க்க வேண்டும்.